யார் விட்ட கோல்?

லண்டனுக்குப் போய்விட்டு வந்தவர்கள் எழுதும் கட்டுரைகளை நேயர்கள் எவ்வளவோ படித்திருப்பீர்கள். தேம்ஸ் நதி, கோபுரப் பாலம், மெழுகுப் பொம்மைகள், அரண்மனை வாசலில் கரடித் தோல் குல்லாயுடன் நிற்கும் சிப்பாய்கள் எல்லாம் அவற்றில் வந்துவிட்டன. ஆகையால் அவற்றை நான் தொடப் போவதில்லை. 2023-ஆம் வருஷக் கடைசியில் நானும் என் சகதர்மிணியும் வட லண்டனில் எங்கள் பெண் வீட்டில் சில மாதம் தங்கியிருந்தோம். அங்கே நான் கண்ட அதிசயம் வேறு. சொந்த மைதானத்தில் நாலு கோல் வாங்கித் தோற்றுப் போன ஒரு டீமுக்கு, அதன் சொந்த ஜனங்களே எழுந்து நின்று கை தட்டினார்கள்! அந்தக் கை தட்டல் ஐம்பத்தைந்து வருஷமாக என் மனத்தில் ஆறாமல் கிடந்த ஒரு புண்ணைக் கிளறிவிட்டது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

என் மாப்பிள்ளை தங்கமான மனுஷர். கம்ப்யூட்டர் உத்தியோகம். வெற்றிலை பாக்குக்கூடப் போடமாட்டார். அவரிடம் உள்ள ஒரே துர்ப்பழக்கம் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் என்கிற கால்பந்து டீம். அந்த டீம் இங்கிலாந்தின் லீக் பட்டத்தைக் கடைசியாக ஜெயித்தது 1961-இல். 2008-இல் லீக் கோப்பை ஒன்றை வாங்கியதற்குப் பிறகு, அலமாரியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்ததுதான் மிச்சம். இருந்தாலும் மாப்பிள்ளையின் பக்தி குறையவில்லை. பதினோரு வயசுப் பேரனுக்கும் அதே பக்தியை ஊட்டி வளர்த்துவிட்டார்.

நாங்கள் போன சமயம் வீட்டில் ஒரே குதூகலம். காரணம் புது மானேஜர். பெயர் ஆஞ்ச் போஸ்டகோக்லு. அந்தப் பெயரைத் தடுக்கி விழாமல் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது. கிரீஸ் தேசத்தில் பிறந்து, ஐந்து வயசில் பெற்றோருடன் ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறியவர். 2015-இல் ஆஸ்திரேலியாவுக்கு ஆசியக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர். பிறகு ஸ்காட்லாந்தில் செல்டிக் டீமுக்கு வெற்றிமேல் வெற்றியாகக் குவித்துவிட்டு, 2023 ஜூன் 6-ஆம் தேதி டாட்டன்ஹாமில் நியமனமானார்.

"இவருக்கு முன்னாலே இருந்தவர்கள் பெரிய பெரிய ஆசாமிகள்தான், மாமா. மொரின்யோ, கான்டே எல்லாரும் வந்தார்கள். ஆனால் கோல் வாங்காமல் இருப்பதுதான் அவர்களுக்கு முதல் கவலை. இவர் வேறே தினுசு. கோல் போடவேண்டும், அவ்வளவுதான் தெரியும் இவருக்கு!" என்றார் மாப்பிள்ளை.

அந்த ஆகஸ்டில் டீமின் பெரிய தூண் ஹாரி கேன் ஜெர்மனிக்குப் போய்விட்டார். டாட்டன்ஹாமுக்காக அவரைவிட அதிக கோல் போட்டவர் யாரும் கிடையாது. அவர் போனதும் இனி அவ்வளவுதான் என்று எல்லாரும் கையை விரித்தார்களாம். ஆனால் புது மானேஜரின் முதல் 10 லீக் ஆட்டங்களில் 8 வெற்றி, 2 சமன். டீம் பட்டியலின் உச்சியிலே போய் உட்கார்ந்துவிட்டது. மாப்பிள்ளை காலையில் பல் தேய்க்கும்போதுகூடப் பாடிக்கொண்டிருந்தார்.

* * *

புது மானேஜரின் வித்தை என்னவென்று கேட்டேன். பேரன் சாப்பாட்டு மேஜையில் ஸ்பூன்களையும் உப்பு ஜாடியையும் பரப்பிப் பாடம் நடத்தினான்.

சாதாரணமாக பாக்குகள் நாலு பேரும் தங்கள் கோலுக்குக் கொஞ்சம் முன்னால் நின்று காவல் காப்பார்கள். போஸ்டகோக்லுவின் பாக்குகளோ அநேகமாக மைதானத்தின் நடுக்கோட்டுக்கே வந்து நிற்பார்கள். அதிலும் இரண்டு பக்கத்துப் புல்பாக்குகள் ஓரத்தில் நிற்பதே இல்லை. உள்ளே நகர்ந்து நடு ஆட்டக்காரர்களோடு கலந்து பந்தைக் கொண்டு போவார்கள். இடது புல்பாக் உடோகி என்கிற இத்தாலியப் பையன் சில சமயம் எதிரியின் கோல் வாசலிலேயே நிற்பான். என் பேரனும் அவன் டீமில் இடது புல்பாக். ஆகவே உடோகிதான் அவனுடைய குலதெய்வம்.

"எல்லாரும் முன்னே போய்விட்டால் பின்னாலே யார்?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் ஆப்ஸைடு இருக்கே, தாத்தா!"

ஆப்ஸைடு விதியை அறியாத நேயர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தன் கட்சிக்காரன் பந்தை உதைக்கும் கணத்தில், எதிரி பார்வர்டு பந்தையும் தாண்டி, நம் கடைசி பாக்கையும் தாண்டி நின்றுகொண்டு அதை வாங்கக்கூடாது. நம் பாக்குகள் முன்னே வந்தால், எதிரியும் அவர்களோடு கூடவே நகர வேண்டும். மைதானம் பாதியாகச் சுருங்கிவிடும். அந்தச் சின்ன இடத்தில் எதிரியை மூச்சுத் திணற அடித்து, பந்தைப் பிடுங்கிவிடலாம். ஆனால் விதியில் ஒரு சந்து உண்டு. நடுக்கோட்டுக்கு அப்புறம், தன் சொந்தப் பாதியில் நிற்கிறவனுக்கு ஆப்ஸைடே கிடையாது. அங்கிருந்து சரியான கணத்தில் கிளம்பி ஓடினால், நம் முதுகுக்குப் பின்னால் ஐம்பது கஜம் வெறும் புல்வெளி.

இதெல்லாம் அந்த மானேஜருக்குத் தெரியாதா? தெரியும். அதற்காக மூன்று பூட்டுப் போட்டு வைத்திருந்தார். முதலாவது, முன்னால் இருக்கும் பார்வர்டுகள் பந்து கைமாறிய உடனே துரத்த வேண்டும். எதிரிக்குத் தலை நிமிர்ந்து பார்க்க அவகாசம் கிடைக்கக்கூடாது. இரண்டாவது, மிக்கி வான் டெ வென் என்ற டச்சுக்காரப் பையன். பந்து பின்னால் விழுந்தால் குதிரை மாதிரி ஓடிப்போய் எடுத்துவிடுவான். மூன்றாவது, கோல் கீப்பர் விகாரியோ. அவர் கோல் கம்பங்களுக்கு நடுவே நிற்காமல், பெனால்டிக் கட்டத்தையும் தாண்டி வெளியே வந்து பந்தை உதைத்துத் தள்ளுவார்.

சமையலறையிலிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் சகதர்மிணி, "மூணு பூட்டிலே ஒண்ணு கழன்றால்?" என்றாள்.

பேரன் பதில் சொல்லவில்லை. உப்பு ஜாடியை எடுத்து அதன் இடத்தில் வைத்துவிட்டான்.

* * *

இப்படிப்பட்ட புது வித்தைகள் மேலிடத்தோடு நின்றுவிடுவதில்லை அல்லவா? பேரன் ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாடும் சின்னப் பையன்கள் டீமுக்கும் அந்த வருஷம் புதிதாக ஒரு பயிற்சியாளர் வந்திருந்தார். பையன்களில் ஒருவனுடைய தகப்பனார். நல்ல மனுஷர், சம்பளமில்லாத உத்தியோகம். அவரும் டாட்டன்ஹாம் பக்தர். "பாக்குகள் எல்லாரும் முன்னே!" என்று அவரும் உத்தரவு போட்டுவிட்டார்.

அந்த வயசுப் பையன்கள் பக்கத்துக்கு ஒன்பது பேராகத்தான் விளையாடுவார்கள். முதல் சில ஆட்டங்களில் கோல் மழை பொழிந்தது. பிறகு எதிரிகளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. நவம்பர் 5-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, ஊசியாய்க் குத்தும் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாங்கள் பார்த்த ஆட்டத்தில், பேரனின் டீம் 7-2 என்று தோற்றது. ஏழில் நாலு கோல் இடது பக்கமாகவே வந்தன. ஒவ்வொரு தடவையும் பேரன் எதிரியின் பாதியிலிருந்து திரும்பி, அழுகிற முகத்தோடு ஓடி வருவான். அதற்குள் காரியம் முடிந்துவிடும். ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் அவனைப் பார்த்து, கோபமாகக்கூட அல்ல, சலிப்போடு, "நீ எங்கே போயிருந்தாய்?" என்று கேட்டார்.

பையன் பேசவில்லை. வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றி, சேற்றைக்கூடத் துடைக்காமல், மாடிப்படிக்கு அடியில் எறிந்தான். "நான் இனிமேல் போகலை" என்றான்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்தக் கேள்வியை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

* * *

1968-இல் நான் எங்கள் ஊர் ஹைஸ்கூலில் வலது புல்பாக். இந்த ரகசியம் என் மனைவிக்கே அதுவரையில் தெரியாது. அந்த வருஷம் வேறு ஊரிலிருந்து ஒரு டிரில் மாஸ்டர் மாற்றலாகி வந்தார். வயசில் சின்னவர்; கழுத்திலே பளபளவென்று விசில். "புல்பாக் என்றால் கோல் வாசலில் காவல்காரன் மாதிரி நிற்பதா? பந்தோடு மேலே போடா!" என்றார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. தாலுகாப் பந்தயத்தில் வரிசையாக நாலு ஆட்டம் ஜெயித்தோம்.

இறுதி ஆட்டத்தில் 2-1 என்று முந்திக்கொண்டு இருந்தோம். கடைசிப் பத்து நிமிஷம். டிரில் மாஸ்டர் ஓரத்திலிருந்து "போ! போ!" என்று கத்துகிறார். நான் போனேன். பந்து பறிபோயிற்று. எதிரியின் இடது பக்கத்து ஆள் நான் விட்டுவந்த இடத்தில் காற்றாய்ப் பறந்தான். கோல். மறுபடி "போ!" மறுபடி போனேன். மறுபடி கோல். 3-2.

மறுநாள் காலைப் பிரார்த்தனை முடிந்ததும், எப்படித் தோற்றோம் என்று தலைமையாசிரியர் விசாரித்தார். டிரில் மாஸ்டர் என்னைச் சுட்டிக்காட்டி, "இவன் தன் இடத்தில் இல்லை, ஸார்" என்றார். அவ்வளவுதான். அது பொய்யல்ல, நான் என் இடத்தில் இல்லைதான். போகச் சொன்னது யார் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அறுநூறு பையன்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு நான் பந்தைத் தொடவில்லை.

உத்தியோகம் பார்த்த முப்பத்தைந்து வருஷமும் நான் என் நாற்காலியை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை. "ஜாக்கிரதையான மனுஷர்" என்று மேலதிகாரிகள் எழுதினார்கள். அந்த ஜாக்கிரதை எங்கே பிறந்தது என்று அவர்களுக்கு என்ன தெரியும்?

* * *

பேரன் பூட்ஸை எறிந்த மறுநாள், அதாவது நவம்பர் 6-ஆம் தேதி திங்கட்கிழமை இரவு, டாட்டன்ஹாமுக்கும் செல்ஸீக்கும் ஆட்டம். வீட்டோடு டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்தோம். பேரன் மட்டும் மாடிப்படியில் உட்கார்ந்து, பார்க்காதவன் போல் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆறாவது நிமிஷத்தில் குலுசெவ்ஸ்கி உதைத்த பந்து கோலாயிற்று. மாப்பிள்ளை நாற்காலியைவிட்டு எழும்பியவர் உட்காரவே இல்லை. அப்புறம் சனி பிடித்தது. 33-ஆவது நிமிஷத்தில் நடு பாக் ரொமேரோ எதிரியின் காலை மிதித்து சிவப்புச் சீட்டு வாங்கினார். பெனால்டி, சமன். கொஞ்ச நேரத்தில், குதிரை மாதிரி ஓடுவான் என்று சொன்னேனே, அந்த வான் டெ வென் தொடையைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டான். நடு ஆட்டத்தின் மூளையான மாடிஸனும் காலில் அடிபட்டு வெளியேறினார். 55-ஆவது நிமிஷத்தில் உடோகிக்கு இரண்டாவது மஞ்சள் சீட்டு, அவனும் வெளியே.

பதினோரு பேரில் மிச்சம் ஒன்பது பேர். ஆட்டம் முடிய இன்னும் 35 நிமிஷத்துக்கு மேல்.

"இனிமேல் எல்லாரும் கோல் வாசலிலே போய் அடைத்துக்கொண்டு நிற்பார்கள்" என்றேன் நான், அனுபவஸ்தன் தோரணையில்.

அதுதான் நடக்கவில்லை. ஒன்பது பேரை வைத்துக்கொண்டும் அந்த மனுஷர் பாக்குகளை நடுக்கோட்டுக்கு அருகிலேயே நிறுத்தினார்! பின்னால் பாதி மைதானம் காலி. அதில் விகாரியோ ஒருவர், களத்து மேட்டில் காக்கை ஓட்டுகிறவர் மாதிரி முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்தார். செல்ஸீக்காரர்கள் ஓடி ஓடி ஆப்ஸைடில் மாட்டினார்கள். மாட்டாதபோது விகாரியோ பாய்ந்து வந்து உதைத்தார். இருபது நிமிஷம் இந்தக் கண்கட்டு வித்தை நடந்தது. மாடிப்படியில் இருந்தவன் எப்போது இறங்கி வந்தானோ தெரியவில்லை, என் பக்கத்தில் இருந்தான். "தாத்தா, அவங்களும் இப்போ எங்களை மாதிரி ஒன்பது பேர்!" என்றான்.

75-ஆவது நிமிஷத்தில் ஸ்டெர்லிங் சரியான கணத்தில் கிளம்பிவிட்டார். பந்தைப் பக்கத்தில் தள்ள, ஜாக்ஸன் கோல் போட்டார். அப்போதும் அந்த ஒன்பது பேர் பின்வாங்கவில்லை. எதிரியின் கோலுக்கு ஓடினார்கள். ஒரு தடவை பந்தை வலைக்குள்ளேயே தள்ளிவிட்டார்கள். ஆப்ஸைடு என்று போயிற்று. கடைசி நிமிஷங்களில் கதவு முழுவதும் திறந்துகொள்ள, ஜாக்ஸன் இன்னும் இரண்டு போட்டார். 4-1.

ஆட்டம் முடிந்தது. ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டு, "பாக்குகள்தான் கெடுத்தார்கள்" என்றார்.

அப்போதுதான் என் சகதர்மிணி வாயைத் திறந்தாள். கால்பந்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அது உருண்டை என்பதுதான். "அந்த மூணாவது கோலுக்கு முன்னாலே பாருங்கள். பந்தை வைத்துக்கொண்டிருந்தவன் பக்கத்தில் நம் ஆள் யாருமே இல்லை. அவன் நிதானமாக, கறிகாய் பொறுக்குகிற மாதிரி, எங்கே போடலாம் என்று பார்த்துப் போட்டான். முன்னாலே இருக்கிறவன் ஓடிக் களைத்துப் போய்விட்டால் பின்னாலே இருக்கிறவன் என்ன செய்வான்? குழாயைத் திறந்துவிட்டது ஒருத்தர், தரையைத் துடைக்காதவள்மேலே கோபமா?"

நான் திகைத்துப் போனேன். ஐம்பத்தைந்து வருஷமாக எனக்குச் சொல்லத் தெரியாததை, காப்பித் தம்ளரைக் கழுவிக்கொண்டே சொல்லிவிட்டாள்!

உண்மை அதுதான். கோல் விழும்போது நம் கண் பாக்கின் மேலேயே இருக்கிறது. ஏனென்றால் அந்தக் கணத்தில் அவன்தான் அங்கே மல்லாந்து கிடக்கிறான். ஆனால் பிழை பெரும்பாலும் அதற்குப் பத்து விநாடிக்கு முன்னால், ஐம்பது கஜத்துக்கு அப்பால், பந்து பறிபோன இடத்தில் பிறந்திருக்கிறது. பாக்குகளை முன்னே நிறுத்தும் ஆட்டத்தில் முதல் பாக், முன்னால் நிற்கும் பார்வர்டுதான். அவன் துரத்தாவிட்டால் பின்னால் நிற்கிறவர்கள் வெறும் பொம்மைகள்.

பிறகு நிருபர்கள் அந்த மானேஜரை விசாரித்தார்கள். அவர் ரொமேரோவையோ உடோகியையோ சுட்டிக்காட்டி, "இவன் தன் இடத்தில் இல்லை" என்று சொல்லவில்லை. இதுதான் நாங்கள் ஆடும் ஆட்டம், நான் இருக்கும் வரையில் இப்படித்தான், ஐந்து பேர் மிஞ்சினாலும் எதிர்த்துப் பார்ப்போம் என்கிற அர்த்தத்தில் பேசினார். அது சாமர்த்தியமா பிடிவாதமா என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. ஆனால் கணக்கைத் தன் பேரில் எழுதிக்கொண்டார் என்பது தெரிந்தது.

அன்று இரவு பேரனின் படுக்கையில் உட்கார்ந்து 1968-ஆம் வருஷத்துக் கதையைச் சொன்னேன். வாசலில் நின்று என் மனைவியும் கேட்டாள். பையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்புறம் நீங்க விளையாடவே இல்லையா, தாத்தா?" என்றான்.

"இல்லை."

"அந்த ஸார் பேச்சுக்காகவா?"

எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

மறுநாள் மாடிப்படிக்கு அடியில் கிடந்த பூட்ஸ் துடைத்து வைக்கப்பட்டிருந்தது.

* * *

அடுத்த சில வாரம் டாட்டன்ஹாமுக்குச் சோதனைக் காலம். உல்வர்ஹாம்டனில் 90 நிமிஷம் வரை 1-0 என்று முன்னே இருந்துவிட்டு, கூட்டிக் கொடுத்த நேரத்தில் இரண்டு கோல் வாங்கித் தோற்றார்கள். ஆஸ்டன் வில்லாவுடன் ஆடும்போது நடு பாக்குகள் இல்லாமல், அந்த இடத்திலும் பக்கத்துப் புல்பாக்குகளையே நிறுத்தினார்கள். 2-1 என்று தோல்வி. வரிசையாக ஐந்து லீக் ஆட்டங்களில் 1-0 என்று முந்திக்கொண்டு, ஒன்றிலும் ஜெயிக்கவில்லை. பிரீமியர் லீகில் அதற்கு முன் யாரும் செய்யாத சாதனை அது!

பேரனின் பயிற்சியாளரோடு பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் என் இங்கிலீஷ் ஆபீஸ் இங்கிலீஷ். "தங்கள் கடிதத்தைக் குறித்து" என்று ஆரம்பித்தால்தான் எனக்குப் பேச்சு வரும். ஆனாலும் துணிந்து போனேன். மாப்பிள்ளை மொழிபெயர்க்க, என் சகதர்மிணியின் குழாய் சித்தாந்தத்தை விண்ணப்பித்துக்கொண்டேன். அவர் தலையைச் சொறிந்தார். "நானும் கோலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்று ஒப்புக்கொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் பார்வர்டு பையன்களைக் கூப்பிட்டு, பந்தை யார் இழக்கிறானோ அவன்தான் முதலில் திரும்பி ஓடவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

ஜெயித்தார்களா என்று கேட்கிறீர்களா? இல்லை, 3-2 என்று தோற்றார்கள். ஆனால் பேரன் சேறும் சகதியுமாக என்னிடம் ஓடி வந்து, "தாத்தா, இன்னிக்கு விட்ட மூணு கோல்லே ஒண்ணுதான் என்னோடது!" என்றான். முகத்தில் அழுகை இல்லை. கணக்குப் பிள்ளையின் கம்பீரம் இருந்தது.

* * *

அந்த சீஸனில் டாட்டன்ஹாம் 74 கோல் போட்டு, 61 கோல் வாங்கி, ஐந்தாவது இடத்தில் முடித்தது. அடுத்த சீஸனில் மூன்று பூட்டுமே கழன்றன. ரொமேரோவும் வான் டெ வென்னும் மாதக்கணக்கில் படுத்தார்கள். விகாரியோவின் கணுக்கால் உடைந்தது. ஆர்ச்சி கிரே என்ற 18 வயது நடு ஆட்டக்காரப் பையனை நடு பாக்காக நிறுத்தினார்கள். ஓயாமல் ஓடவைத்ததனால்தான் தசைகள் கிழிந்தன என்று சொல்கிறவர்களும் உண்டு. 2024 டிசம்பரில் செல்ஸீயிடம் 2-0 என்று முந்தியிருந்து 4-3 என்று தோற்றார்கள். அதே மாதம் லிவர்பூலிடம் 6-3. சீஸன் முடியும்போது 38 ஆட்டத்தில் 22 தோல்வி. இருபது டீமில் பதினேழாவது இடம்!

பழியை ஏற்றுக்கொள்வது பெரிய குணந்தான். ஆனால் ஏற்றுக்கொண்ட பழியைத் திருத்தாமலே வைத்துக்கொண்டிருந்தால், அதன் பாரம் மறுபடியும் பின்னால் நிற்கிறவர்கள் தோளில்தான் இறங்குகிறது.

2025 மே மாதத்தில் நாங்கள் இரண்டாம் தடவை லண்டன் போயிருந்தோம். 21-ஆம் தேதி இரவு ஸ்பெயின் தேசத்துப் பில்பாவோ நகரத்தில் யூரோப்பா லீக் இறுதி ஆட்டம். எதிரி மான்செஸ்டர் யுனைடெட். 42-ஆவது நிமிஷத்தில் பிரென்னன் ஜான்ஸன் எப்படியோ பந்தை உள்ளே தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு நான் கண்டதை என்னாலேயே நம்ப முடியவில்லை. போஸ்டகோக்லுவின் டீம் பின்வாங்கிற்று! பந்தை எதிரியிடம் விட்டுவிட்டு, கோல் வாசலைக் காத்தது. கோல் போட்ட ஜான்ஸனையே வெளியே எடுத்துவிட்டு, இன்னொரு பாக்கை உள்ளே விட்டார் மானேஜர். ஒரு சமயம் விகாரியோவும் தவறவிட்ட பந்து வலையை நோக்கிப் போகையில், வான் டெ வென் கோல் கோட்டில் அந்தரத்தில் மல்லாந்து உதைத்து வெளியே தள்ளினான். 1-0. பதினேழு வருஷத்துக்குப் பிறகு அலமாரிக்கு ஒரு கோப்பை. மாப்பிள்ளை அழுதார்.

தாக்கவே பிறந்தவர் என்று பெயரெடுத்தவர், காவல் காத்துக் கோப்பையை வாங்கினார். பதினாறாம் நாள், ஜூன் 6-ஆம் தேதி, அவர் நியமனமான அதே தேதியில், அவரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். பதினேழாவது இடத்துக்குக் கணக்குத் தீர்த்தார்கள்.

"பாவம்! கதவைச் சாத்தக் கற்றுக்கொண்ட பிறகா வீட்டைவிட்டு அனுப்புவது?" என்றாள் என் சகதர்மிணி.

பேரனுக்கு இப்போது என் உயரம். இன்னும் இடது புல்பாக்தான். இன்னும் முன்னே போகிறான். ஆனால் போகுமுன் ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறான். அன்றிரவு கோப்பைக் கும்மாளம் எல்லாம் அடங்கிய பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தாத்தா, அந்த 1968 மாட்சிலே இரண்டு கோலும் அந்த ஸாரோடதுதானா?" என்று கேட்டான்.

யோசித்தேன். முதல் கோலுக்கு உயிரைக் கொடுத்துத் திரும்பி ஓடினேன், எட்டவில்லை. இரண்டாவதுக்கு? பந்து பறிபோனதும், ஐயோ என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். ஓடவே இல்லை. அதை இத்தனை வருஷமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு நானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை.

"ஒன்று அவருடையது. ஒன்று என்னுடையது" என்றேன்.

பேரன் தலையை ஆட்டினான். "சரிதான், தாத்தா. ஒரு கோல்தானே!" என்று என் முதுகில் தட்டிவிட்டு, தூங்கப் போனான்.